நிதி, ரிஸ்க் மேலாண்மையில் முதுகலை: தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்பும் முன் முடிக்க வேண்டிய வேலைகள்

பி.காம் கடைசி வருடத்தில் இருப்பவர்கள், பி.எஸ்சி கணிதமோ புள்ளியியலோ படிப்பவர்கள், ஓசூர்ப் பக்கம் அக்கவுண்ட்ஸ் வேலையில் ஓரிரு வருடம் ஓட்டிவிட்டு மேலே படிக்கலாமா என்று யோசிப்பவர்கள் என்று மூன்று வகையினர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: எந்தக் காலேஜில் சேரலாம்? எனக்குச் சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். பெங்களூரில் ஒரு வங்கியின் இடர் (ரிஸ்க்) மேலாண்மைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலேஜ் பற்றிய பேச்சு நான்காவதாக வர வேண்டியது என்பது என் உறுதியான எண்ணம். படிப்பில் சேர்வதற்கு முந்தைய ஏழெட்டு மாதத்தை எப்படிச் செலவழித்தோம் என்பதே பிறகு வரும் இரண்டு வருடத்தைத் தீர்மானிக்கிறது. அந்த மாதங்களை ஊரில் இருந்தபடியே, பெரிய செலவில்லாமல் பயன்படுத்த முடியும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதல் வேலை: என்ன படிப்பு இது என்று தெரிந்துகொள்வது

"எம்.பி.ஏ பைனான்ஸும் இதுவும் ஒண்ணுதானுங்களே?" என்று ஒரு மாணவியின் அப்பா கேட்டார். ஒன்றில்லை. எம்.பி.ஏ-வில் முதல் வருடம் மார்க்கெட்டிங், மனிதவளம், உற்பத்தி என எல்லாமே உண்டு. நிதிப் பாடங்கள் பெரும்பாலும் இரண்டாம் வருடத்தில்தான் வரும். நிதி, ரிஸ்க் முதுகலையில் முதல் நாளிலிருந்தே நிகழ்தகவும் புள்ளியியலும்தான். நிர்வாகத்துக்குப் போக நினைப்பவருக்கு எம்.பி.ஏ பொருந்தும். எண்களோடு தனியாக உட்கார்ந்து மல்லுக்கட்டப் பிடித்தவருக்கு இது.

பாடங்களின் முதுகெலும்பு நான்கு வகை இடர்கள். கடன் வாங்கியவர் திருப்பிக் கட்டாமல் போவது கடன் இடர். வட்டி, பங்கு, டாலர், சரக்கு ஆகியவற்றின் விலை மாறுவதால் வரும் நட்டம் சந்தை இடர். சொத்து இருந்தும் கேட்ட நேரத்தில் கையில் பணம் இல்லாமல் தவிப்பது பணப்புழக்க இடர். மோசடி, கணினிக் கோளாறு, ஊழியர் தவறு போன்றவற்றால் வருவது செயல்பாட்டு இடர். இவற்றைத் தாங்க ஒரு வங்கி எவ்வளவு சொந்த மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்று சொல்பவை பாசல் விதிகள். 1988-ல் முதல் தொகுப்பு வந்தது. 2008 நெருக்கடிக்குப் பிறகு வந்த மூன்றாவது தொகுப்பை இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். கொடுத்த கடன் போன்ற சொத்துகளை இடருக்கேற்ப எடை போட்டு வரும் மதிப்பில் உலக அளவில் குறைந்தபட்சம் 8 சதவீதம் என்றால், நம் ரிசர்வ் வங்கி 9 சதவீதம் கேட்கிறது. பாதுகாப்புக்காக இன்னொரு 2.5 சதவீதம் தனி.

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் பாதி ஏற்கெனவே பழக்கமான விஷயம். தவணை தேதி தாண்டி 90 நாள் ஆனால் கடன் வாராக்கடனாகிவிடும் என்பது பொது விதி. பயிர்க்கடனுக்கு மட்டும் கணக்கு வேறு: குறுகிய காலப் பயிரென்றால் இரண்டு பருவம், நீண்ட காலப் பயிரென்றால் ஒரு பருவம் கட்டாமல் இருந்தால்தான் வாராக்கடன். இந்த விதி ஏன் இப்படி இருக்கிறது என்று விவசாயக் குடும்பத்துப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வகுப்பில் கூச்சப்படாமல் பேச வேண்டிய இடம் இது.

இரண்டாவது வேலை: கணக்கை ஊரிலேயே முடிப்பது

இந்தப் படிப்பில் திணறுபவர்களில் பெரும்பாலோர் நிதியில் திணறுவதில்லை, கணக்கில்தான் திணறுகிறார்கள். பிளஸ் டூ-வில் கணக்கு இல்லாத காமர்ஸ் குரூப் எடுத்து, பி.காம் சி.ஏ. (கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்) முடித்தவர்கள் நம் பக்கம் அதிகம். அவர்களை நான் முதலில் கையில் எடுக்கச் சொல்வது தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் நூல்களை. தமிழ் வழியிலும் இருக்கின்றன, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அணிகள், வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம், ஒட்டுறவும் தொடர்புப் போக்கும், சமவாய்ப்பு மாறிகள், நிகழ்தகவுப் பரவல்கள், கூறெடுப்பு என்று முதுகலையின் முதல் செமஸ்டருக்குத் தேவையானது ஏறக்குறைய எல்லாமே அந்த நூல்களில் உண்டு. எடுத்துக்காட்டுகளை மட்டும் படித்துவிட்டு நகராமல் பயிற்சிக் கணக்குகளை ஒன்று விடாமல் போடுங்கள். கல்லூரி நாட்களில் தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். புரிந்த பிறகு அதே அத்தியாயத்தை ஆங்கில வழி நூலிலும் ஒருமுறை படித்துவிடுங்கள்; வகுப்பறைச் சொற்கள் தானாகக் கைக்கு வந்துவிடும்.

அந்தக் கணக்கு இந்தத் துறையில் எங்கே வந்து நிற்கிறது என்பதை ஒரு கடன் பத்திரத்தை வைத்துக் காட்டுகிறேன். ஆண்டுக்கு 6 ரூபாய் வட்டி தரும், 10 வருடம் கழித்து 100 ரூபாயைத் திருப்பித் தரும் பத்திரம் ஒன்று உங்களிடம் இருக்கிறது. வெளியே புதிதாக வரும் பத்திரங்கள் 8 சதவீதம் தர ஆரம்பித்துவிட்டன. இனி உங்கள் பத்திரத்தை 100 ரூபாய்க்கு யாரும் வாங்க மாட்டார்கள். என்ன விலைக்கு வாங்குவார்கள்? முதல் வருட 6 ரூபாயை 1.08-ஆல் ஒருமுறை வகுக்க வேண்டும், இரண்டாம் வருட 6 ரூபாயை இரண்டு முறை, இப்படியே பத்தாம் வருடத்து 106 ரூபாயைப் பத்து முறை. எல்லாவற்றையும் கூட்டினால் ஏறக்குறைய 86 ரூபாய் 58 காசு. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் கடனைக் கட்டாமல் ஓடவில்லை. வட்டி 2 சதவீதம் ஏறியதில் 13 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி சாய்ந்ததற்கு இதுதான் வேர். நீண்ட காலப் பத்திரங்களில் பணத்தைப் போட்டுவைத்திருந்தார்கள், வட்டி ஏறியது, பத்திரங்களின் மதிப்பு இறங்கியது, டெபாசிட்காரர்கள் ஒரே நாளில் 42 பில்லியன் டாலரை எடுக்க வந்தார்கள். சந்தை இடர் எப்படிப் பணப்புழக்க இடராக மாறுகிறது என்பது அந்த ஒரு சம்பவத்திலேயே இருக்கிறது.

மேலே சொன்ன கணக்கை முதலில் கையால் போடுங்கள், பிறகு எக்செல்லில். வட்டியை 7, 9, 10 என்று மாற்றி விலை எப்படி நகர்கிறது என்று ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள். அது நேர்கோடாக வராது, வளைந்து வரும். ஏன் வளைகிறது என்ற கேள்வி உங்களை விடாமல் பிடித்துக்கொண்டால் இந்தப் படிப்பு உங்களுக்கு ஒத்துவரும். எரிச்சல் மட்டுமே மிஞ்சினால், லட்சக்கணக்கில் கடன் வாங்கும் முன் அது தெரிந்ததே நல்லது.

மூன்றாவது வேலை: ஒரு சிறு ஆய்வைத் தனியாகச் செய்து பார்ப்பது

எக்செல் வந்த பிறகு பைத்தான் என்ற நிரல்மொழி. நல்ல லேப்டாப் இல்லை என்று தள்ளிப்போட வேண்டாம். பைத்தானை எழுதிப் பார்க்க உதவும் கூகுள் கோலாப் பிரவுசரிலேயே ஓடும். என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் நிதி, டெரிவேட்டிவ்ஸ் (இன்னொரு பொருளின் விலையைச் சார்ந்து மதிப்பு மாறும் ஒப்பந்தங்கள்) பாடங்கள் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் உண்டு. பைத்தானுக்கு அடுத்ததாக, தரவுத்தளத்திலிருந்து தரவை எடுக்க உதவும் எஸ்.க்யூ.எல். கொஞ்சம் பழகுங்கள், வங்கிகளில் தரவு எல்லாம் தரவுத்தளங்களில்தான் கிடக்கிறது.

பெரும்பாலான நாட்களில் நட்டம் எவ்வளவைத் தாண்டாது என்று சொல்லும் வேல்யூ அட் ரிஸ்க் என்ற அளவீட்டைக் கேள்விப்படாமல் இந்தத் துறையில் ஒரு நாள்கூட ஓடாது. படிப்பில் சேர்வதற்கு முன்பே அதைச் செய்து பார்த்துவிடலாம். தேசியப் பங்குச் சந்தைத் தளத்திலிருந்து ஒரு பங்கின் ஒரு வருட முடிவு விலைகளை இறக்குங்கள். ஏறக்குறைய 250 நாட்கள் இருக்கும். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட எத்தனை சதவீதம் ஏறியது, இறங்கியது என்று கணக்கிடுங்கள். மோசமான நாள் மேலே வரும்படி வரிசைப்படுத்துங்கள். 250-ல் 5 சதவீதம் பன்னிரண்டரை. ஆகவே மேலிருந்து 13-வது எண்ணைப் பாருங்கள். அது மைனஸ் 2.1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்ச ரூபாய் போட்டவருக்கு, நூறில் 95 நாள் நட்டம் 2,100 ரூபாயைத் தாண்டாது என்று பொருள். மீதி ஐந்து நாள் எவ்வளவு போகும் என்பதைப் பற்றி இந்த எண் வாய் திறப்பதில்லை. அதற்காகத்தான் மேலே உள்ள 12 மோசமான நாட்களின் சராசரியைத் தனியாக எடுக்கிறார்கள். சந்தை இடருக்கான புதிய பாசல் விதிகளும் அந்தச் சராசரி முறைக்கே மாறிவிட்டன.

பங்கு விலையில் செய்து முடித்ததும் அதையே தக்காளி விலையில் செய்யுங்கள். மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்தில் சந்தைகளின் தினசரி விலை கிடைக்கிறது: குறைந்தபட்சம், அதிகபட்சம், அன்று அதிகமாக விற்ற விலை. ராயக்கோட்டை, பாலக்கோடு வட்டாரத்தில் தக்காளி போடுபவர் வீட்டில் பிறந்தவருக்கு அந்த விலை எப்படி ஆடும் என்று உடம்பில் தெரியும். அதை எண்ணாக மாற்றும்போது மூன்று விஷயங்கள் பிடிபடும். ஒன்று, விடுமுறை நாட்களில் விலையே இருக்காது, சில நாட்களில் தவறாகவும் பதிவாகியிருக்கும். அவற்றைச் சரிசெய்வதே பாதி வேலை. வங்கியிலும் அப்படித்தான். இரண்டு, தக்காளி விலை ஆடும் ஆட்டத்துக்கு முன் பங்கு விலை சாது. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதை உங்கள் வரைபடத்திலேயே பார்ப்பீர்கள். மூன்று, விவசாயிக்கு விலை இறங்குவது இடர், சாஸ் கம்பெனிக்கு விலை ஏறுவது இடர். ஒரே எண் வரிசையின் இரண்டு முனைகளில் இரண்டு பேர் நிற்கிறார்கள். பின்னால் நடக்கும் விற்பனைக்கு இன்றே விலை பேசி முடிக்கும் ஃப்யூச்சர்ஸ், ஃபார்வர்டு போன்ற ஒப்பந்தங்கள் பிறந்ததே இந்த இரண்டு பேருக்காகத்தான்.

கிருஷ்ணகிரிக்காரர்கள் ஆய்வுக்கு எடுக்க இன்னொரு விஷயம், மாங்கூழ். கூழ் ஏற்றுமதி செய்பவருக்கு ஒரு லட்சம் டாலர் மூன்று மாதம் கழித்து வர வேண்டியிருக்கிறது. இன்று டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 85 லட்சம். அதற்குள் டாலர் 83-க்கு இறங்கினால் இரண்டு லட்சம் குறையும். வங்கியில் ஃபார்வர்டு போட்டு விலையைப் பூட்டினால் என்ன கிடைக்கும், என்ன இழப்பார் என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். இந்த மாதிரி ஒன்றிரண்டு வேலைகளைச் சேர்க்கை நேர்காணலுக்கு எடுத்துப்போனால், இன்டர்நெட்டில் நகல் எடுத்த பத்து ப்ராஜெக்ட்டைவிட மதிப்பு அதிகம்.

இப்போது கல்லூரி

பெயரில் ரிஸ்க் என்று இருப்பதால் மட்டும் ஒரு படிப்பை நம்ப வேண்டாம். பாடத்திட்டத்தைப் பதிவிறக்கி வரிவரியாகப் படியுங்கள். எக்கனோமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவுக்கான புள்ளியியல்), டெரிவேட்டிவ்ஸ், நிலையான வருவாய்ப் பத்திரங்கள், கடன் இடர் மாடலிங் (கடன் நின்றுபோகும் வாய்ப்பைக் கணக்கிடும் முறை) ஆகிய நான்கும் தனித்தனித் தாள்களாக இருக்கின்றனவா? கணினி ஆய்வகத்துக்கு மதிப்பெண் உண்டா? ரிஸ்க் என்பதே ஒரே ஒரு தாளில் வந்து போகிறது, மீதியெல்லாம் மேலாண்மைக் கோட்பாடு என்றால் அது விளம்பரத்துக்கு ஒட்டிய பெயர். அதே சமயம், எம்.காம், எம்.ஏ. பொருளியல், எம்.எஸ்சி. புள்ளியியல் என்று சாதாரணப் பெயரில் உள்ள படிப்புகளும் இந்தத் துறைக்கு நல்ல வாசல்களே. அரசுக் கல்லூரியில் எம்.எஸ்சி. புள்ளியியலைக் குறைந்த கட்டணத்தில் முடித்து, நிதியைத் தனியாகக் கற்றவர்கள், வங்கிகள் இடரை அளக்கும் கணித மாடல்களைச் சரிபார்க்கும் வேலைகளில் நன்றாகவே இருக்கிறார்கள். கடன் சுமை தாங்க முடியாத குடும்பம் என்றால் நான் இந்த வழியைத்தான் முதலில் சொல்வேன்.

நமக்குப் பக்கத்தில் சேலம் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்கு மாவட்டமும் அதன் எல்லைதான். தருமபுரி பைசுஅள்ளியில் அதன் முதுநிலை விரிவாக்க மையமும் உண்டு. சென்னை கோட்டூர்புரத்தில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் நிதிப் பொருளியல், ஆக்சூரியல் (காப்பீட்டு இடர்க் கணிப்பு) பொருளியல், அளவியல் நிதி போன்றவற்றில் எம்.ஏ. நடத்துகிறது, எண் சார்ந்த நிதியில் ஆர்வமுள்ளவர் அதன் பாடத்திட்டத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் வங்கித் தொழில்நுட்பத்துக்குத் தனித் துறையே இருக்கிறது. பெங்களூரில் தனியார் பல்கலைக்கழகங்கள் நிறைய, கட்டணமும் நிறைய.

நுழைவுத் தேர்வுக் காலண்டரைச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஐ.ஐ.எம். போன்ற மேலாண்மை நிறுவனங்களுக்கான கேட் (CAT) தேர்வு நவம்பர் கடைசியில், அதற்கு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூயெட் பி.ஜி. தேர்வும், தமிழ்நாட்டு எம்.பி.ஏ-வுக்கான டான்செட் தேர்வும் பெரும்பாலும் மார்ச்சை ஒட்டி வரும். நம் ஊர்களில் மாணவர்கள் இழப்பது மதிப்பெண்ணைவிட அதிகமாக இந்தத் தேதிகளைத்தான்.

சில நிறுவனங்கள் தரும் பி.ஜி.டி.எம். என்பது பட்டமில்லை, மேலாண்மை டிப்ளமோ. அதற்கு ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் இருக்கிறதா, எம்.பி.ஏ-வுக்கு இணை என்ற சான்று இருக்கிறதா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். தொலைதூரம், ஆன்லைன் படிப்பென்றால் யு.ஜி.சி-யின் தொலைதூரக் கல்விப் பிரிவுப் பட்டியலில் அந்த வருடத்துக்கு, அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்க வேண்டும். வேலைவாய்ப்புப் பற்றிப் பேசும்போது சராசரிச் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். போன வருடம் எத்தனை பேர் ரிஸ்க் வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் வங்கியில் கடன், இன்சூரன்ஸ் விற்கும் வேலைக்குப் போனார்கள் என்று பிரித்துக் கேளுங்கள். முடிந்தால் பழைய மாணவர் ஒருவரிடம் போனில் பேசுங்கள்.

பணம்

கல்விக் கடன் உங்கள் வாழ்க்கையின் முதல் இடர் மேலாண்மைக் கணக்கு. பத்து லட்சம் கடன், 10 சதவீத வட்டி, இரண்டு வருடப் படிப்பு, அதன் பிறகு ஒரு வருட அவகாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று வருடத்துக்குத் தனிவட்டியாக மூன்று லட்சம் வரை சேரும். கடன் தவணை தவணையாகக் கிடைப்பதால் நடைமுறையில் கொஞ்சம் குறையும். 13 லட்சத்தைப் பத்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை ஏறக்குறைய 17,180 ரூபாய். படிக்கும்போதே மாதாமாதம் வட்டியைக் கட்டிவந்தால் தவணை 13,215-க்கு இறங்கும். முதல் வேலையில் கைக்கு வரும் சம்பளம் 30,000 என்றால், பெங்களூரில் வாடகையும் சாப்பாடும் போக இந்தத் தவணையைக் கட்ட முடியுமா? ஆறு மாதம் வேலை கிடைக்காவிட்டால் யார் கட்டுவார்? இந்த இரண்டு கேள்விக்கும் வீட்டில் உட்கார்ந்து, அப்பா அம்மாவையும் வைத்துக்கொண்டு, எண்ணாகப் பதில் எழுதுங்கள்.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி ஏழரை லட்சம் வரை அடமானம் தேவையில்லை. பெற்றோர் இணைந்து கையெழுத்திட வேண்டும். அதற்கு மேல் போனால் சொத்து கேட்பார்கள். "நாலு ஏக்கர் நிலம் இருக்குதுங்க, பேங்க்ல ஏன் வேண்டாங்கறாங்க?" என்று பலரும் கேட்கிறார்கள். கடன் நின்றுபோனால் சொத்தை நேரடியாகக் கைப்பற்ற வங்கிக்கு உதவும் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால் வங்கிகள் வீடு, வீட்டுமனை, டெபாசிட் ஆகியவற்றையே விரும்புகின்றன. விண்ணப்பம் வித்யாலட்சுமி இணையதளம் வழியே. 2024 நவம்பரில் அறிவித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள தரமான நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் இடம் கிடைத்தவர்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால் பத்து லட்சம் வரையிலான கடனுக்கு அவகாசக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. நீங்கள் சேரப்போகும் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதைச் சேரும் முன் பாருங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு வெளிநாட்டு முதுகலைக்கும் அரசு உதவித்தொகை இருக்கிறது. மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

வெளிநாடு பற்றிச் சுருக்கமாக: பிரிட்டனில் ஒரே வருடத்தில் முடியும், செலவு அதிகம். ஜெர்மனியில் பல அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் மிகக் குறைவு, ஆனால் நம் படிப்புச் சான்றுகள் உண்மையானவை என்று உறுதிசெய்யும் ஏ.பி.எஸ். சான்றிதழும், ஒரு வருடச் செலவை முன்கூட்டியே முடக்கிவைத்த கணக்கும் வேண்டும். ஜெர்மன் மொழி தெரியாமல் அங்கே வங்கி வேலை கிடைப்பது கடினம்.

படிக்கும்போது

எஃப்.ஆர்.எம். (ஃபைனான்ஷியல் ரிஸ்க் மேனேஜர்) என்ற சான்றிதழ் தேர்வு இந்தத் துறையில் நன்கு மதிக்கப்படுவது. அமெரிக்காவின் கார்ப் (GARP) அமைப்பு நடத்துகிறது. முதல் பகுதியில் 100 கேள்வி, இரண்டாவதில் 80, ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம். கட்டணம் டாலரில், இரண்டு பகுதிக்கும் சேர்த்து ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். முதுகலையின் இரண்டாம் வருடத்தில் முதல் பகுதியை எழுதுவது சரியான நேரம், பாடங்கள் சூடாக இருக்கும். சான்றிதழ் கைக்கு வர இரண்டு வருட வேலை அனுபவமும் வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். பட்டமே இல்லாமல் இதை மட்டும் எழுதி வேலை வாங்கலாம் என்று கோச்சிங் விளம்பரங்கள் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

ரிசர்வ் வங்கி ஆண்டுக்கு இருமுறை நிதி நிலைத்தன்மை அறிக்கை வெளியிடுகிறது, இலவசம். வாரம் ஒரு வரைபடத்தை எடுத்து, அது என்ன சொல்கிறது என்று ஆங்கிலத்தில் பத்து வரி எழுதி, சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு நேர்காணல் பயத்தைப் போக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. அங்கே கேட்பது இலக்கண ஆங்கிலம் இல்லை. ஒரு எண்ணைக் காட்டினால் அது ஏன் இப்படி இருக்கிறது என்று விளக்கத் தெரிய வேண்டும்.

இன்டர்ன்ஷிப்புக்கு எல்லோரும் பெங்களூரையே பார்க்கிறார்கள். ஓசூர் ஆலைகளின் நிதிப் பிரிவுகளில் அந்நியச் செலாவணி வேலை இருக்கிறது. தமிழ்நாடு கிராம வங்கியின் தலைமையகம் சேலத்தில். நம் இரண்டு மாவட்டத்திலும் மைக்ரோ ஃபைனான்ஸ் கிளைகளுக்குக் குறைவே இல்லை. குழுக் கடன் எங்கே, ஏன் நிற்கிறது என்று ஒரு கோடைக்காலம் கூடவே சுற்றிப் பார்த்தவருக்குக் கடன் இடர் பாடம் மறக்காது. படிப்பு முடிந்த பிறகு வேலைகள் பெரும்பாலும் பெங்களூரு, சென்னையில் பன்னாட்டு வங்கிகள் நடத்தும் சேவை மையங்களிலும், கடன் தரமதிப்பீட்டு (கிரெடிட் ரேட்டிங்) நிறுவனங்களிலும், நிதி நிறுவனங்களிலும்தான். முதல் வருடம் அநேகமாக அறிக்கை தயாரிப்பதிலும் தரவைச் சரிபார்ப்பதிலும் போகும். அதைக் கண்டு சோர்ந்து வேலையை விட்டவர்களை எனக்குத் தெரியும், பொறுத்தவர்களுக்கு அடுத்த வருடமே மாடல் வேலை கிடைத்ததையும் தெரியும். பொதுத்துறை வங்கிகளும் அவ்வப்போது சிறப்பு அதிகாரிகளாக ரிஸ்க் மேலாளர்களை எடுக்கின்றன. அந்த அறிவிப்புகளில் கேட்கும் தகுதியை இப்போதே படித்து வைத்தால், எந்தப் பட்டம் செல்லும், எது செல்லாது என்பது தெரிந்துவிடும்.

கடைசியாகக் காகிதங்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். பெயரின் இனிஷியல் ஆதாரில் ஒரு மாதிரியும் மதிப்பெண் பட்டியலில் வேறு மாதிரியும் இருந்தால் கடன், பாஸ்போர்ட், சேர்க்கை மூன்றிலும் தடங்கல் வரும். கடைசி செமஸ்டர் முடிவதற்குள் ஒன்றாக்கிவிடுங்கள். புரொவிஷனல் சான்றிதழ் தாமதமானால், கல்லூரி முதல்வரிடம் தேர்ச்சி பெற்றதற்கான கடிதம் ஒன்றை வாங்கிச் சேர்க்கைப் பிரிவுக்கு முன்கூட்டியே அனுப்பி, அது போதுமா என்று மின்னஞ்சலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.